அலுவலகத்தில் அரசியல் பேச்சைத் தடைசெய்தால் புதுமை வளருமா?

தேர்தல் காலத்தில் தொடங்கிய அரசியல் வாக்குவாதம் உங்கள் மென்பொருள் நிறுவனத்தின் பொது உரையாடல் குழுக்களில் இன்னும் ஓயவில்லை என்றும், சில அமெரிக்க நிறுவனங்களைப் பின்பற்றி அலுவலகத்தில் அரசியல் பேச்சையே தடைசெய்ய நிர்வாகம் யோசிக்கிறது என்றும், அப்படிச் செய்தால் புதியவற்றை உருவாக்கும் திறன் கூடுமா குறையுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தடை விதித்த நிறுவனங்கள் அதனால் முடங்கிப்போகவில்லை. தாராளமாகப் பேசவிட்ட நிறுவனங்கள் அதனாலேயே செழித்துவிடவும் இல்லை. ஆகவே கூடும் என்றோ குறையும் என்றோ ஒற்றைச் சொல்லில் விடை கூறுவது உங்களை ஏமாற்றுவதாகும். கருத்து மாறுபட்டவர்கள் எந்தப் பொருளைப் பற்றி, எந்த முறைப்படி பேசுகிறார்கள், பேச்சுக்குப் பிறகு யார் பெயர் சொல்லிப் பொறுப்பேற்றுத் தீர்மானிக்கிறார்கள் என்பவையே விளைவை நிர்ணயிக்கின்றன என்பது என் முடிவு. அதற்கு நான் எவ்வாறு வந்தேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தடை விதித்தவர்களைப் பார்ப்போம். கிரிப்டோ நாணயப் பரிமாற்ற நிறுவனமான காயின்பேஸின் தலைமை நிர்வாகி பிரையன் ஆம்ஸ்ட்ராங், தம் நிறுவனத்தின் குறிக்கோளோடு தொடர்பில்லாத சமூக, அரசியல் விவகாரங்களில் நிறுவனம் ஈடுபடாது என்றும், அவை பற்றிய விவாதங்களை ஊழியர்கள் அலுவலகத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்றும் 2020 செப்டம்பர் இறுதியில் அறிவித்தார். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்துக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவிக்கும்படி ஊழியர்கள் கேட்டபோது அவர் உடனே இணங்காததால், ஒரு பகுதியினர் வெளிநடப்புச் செய்திருந்தார்கள். புதிய கொள்கையை ஏற்க முடியாதவர்கள், பணிக்காலத்தைப் பொறுத்து நான்கு அல்லது ஆறு மாதச் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு விலகலாம் என்று நிறுவனம் கூறியது. சுமார் 60 பேர், அதாவது ஊழியர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினர் விலகினார்கள். அடுத்த ஏப்ரலில் காயின்பேஸ் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இந்தத் தடை நிறுவனத்தைச் சீர்குலைத்துவிடும் என்று அப்போது எச்சரித்தவர்களின் கணிப்பு பலிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அதே அறிவிப்பில் ஒரு விலக்கும் இருந்தது. கிரிப்டோ சார்ந்த சட்டங்கள், கொள்கைகள் தொடர்பான அரசியலில் நிறுவனம் தொடர்ந்து ஈடுபடும் என்பதே அது. 2024 அமெரிக்கத் தேர்தலில் கிரிப்டோவுக்கு ஆதரவான வேட்பாளர்களுக்காகச் செலவிட்ட ஃபேர்ஷேக் என்னும் அரசியல் நிதிக் குழுவுக்குப் பெருந்தொகை வழங்கிய நிறுவனங்களுள் காயின்பேஸும் ஒன்று. தன் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டங்களைப் பற்றி ஒரு நிறுவனம் பேசுவது தவறென்று நான் கருதவில்லை. ஆனால் ‘அரசியல் வேண்டாம்’ என்ற விதி, அரசியலை நிறுவனத்தை விட்டு அகற்றவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. எது அரசியல், எது தொழில் என்று கோடு கிழிக்கும் உரிமையை அந்த விதி மேலிடத்துக்கு வழங்கியது. உங்கள் நிர்வாகம் தடை விதிக்க முடிவு செய்தால், அந்தக் கோட்டை யார் கிழிக்கப்போகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவதாகப் பேஸ்கேம்ப் நிறுவனம். ரூபி ஆன் ரெய்ல்ஸ் என்னும் மென்பொருள் கட்டமைப்பை உலகுக்குத் தந்த இச்சிறு நிறுவனத்தின் தலைவர் ஜேசன் ஃபிரீட், நிறுவனத்தின் உரையாடல் தளத்தில் இனிச் சமூக, அரசியல் விவாதங்கள் கூடாது என்று 2021 ஏப்ரல் 26 அன்று அறிவித்தார். சில நாள்களுக்குள், 60 பேர் கூட இல்லாத நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினர் வெளியேறினார்கள். வடிவமைப்பு, சந்தைப்படுத்தல், வாடிக்கையாளர் சேவை ஆகிய பிரிவுகளின் தலைவர்களும் அவர்களுள் அடங்குவர். இதை வெளியில் இருந்து பார்த்தால், ஏதோ தேர்தல் சண்டை முற்றிவிட்டது என்றே தோன்றும். உண்மையில் பூசல் தொடங்கிய இடம் வேறு. வாடிக்கையாளர்களின் பெயர்களில் சிரிப்பூட்டுவதாகத் தோன்றியவற்றைத் தொகுத்து, நிறுவனத்துக்குள்ளேயே ஒரு பட்டியலைப் பல ஆண்டுகளாக வைத்திருந்தார்கள். ஆசிய, ஆப்பிரிக்க வழிப் பெயர்களும் அதில் இருந்தன. அது தகாத செயல் என்று ஊழியர்கள் எழுப்பிய கேள்வியும், அதற்கு எவ்வளவு தூரம் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் எழுந்த வாக்குவாதமுமே தடையில் போய் முடிந்தன. தங்கள் வாடிக்கையாளர்களைத் தாங்களே எப்படி நடத்தினோம் என்பது நாட்டு அரசியல் அன்று. அது அந்த நிறுவனத்தின் வேலை தொடர்பான கேள்வி. அதற்கு ‘அரசியல்’ என்று பெயரிட்டுக் கதவை மூடியதுதான் அங்கே நிகழ்ந்த பெரும் பிழை என்பது என் கருத்து.

இந்நிறுவனத்தைப் பற்றியும் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பின்னர் 37சிக்னல்ஸ் என்ற தன் பழைய பெயருக்குத் திரும்பிய இந்நிறுவனம், வாடகைக் கிளவுட் சேவைகளிலிருந்து வெளியேறிச் சொந்த சர்வர்களுக்கு மாறியது. அதற்காகத் தானே உருவாக்கிய, மென்பொருளைச் சர்வர்களில் நிறுவ உதவும் கமால் என்னும் கருவியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. ஆகவே தடைக்குப் பின் புதுமை வற்றிப்போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. உறுதியான தலைமையும், ஒருமித்த நோக்குடைய சிறு குழுவும் இருந்தால் தடைக்குப் பிறகும் நல்ல கருவிகள் பிறக்கும். அவர்கள் இழந்தது அனுபவம் வாய்ந்த சுமார் இருபது பேரையும், அவர்கள் மட்டுமே சுட்டிக்காட்டியிருக்கக்கூடிய குறைகளையும். அந்த இழப்பு எந்த ஆண்டறிக்கையிலும் தெரியாது.

இனி, தாராளமாகப் பேசவிட்ட நிறுவனத்துக்கு வருவோம். கூகுளில் ஊழியர்கள் எதைப் பற்றியும் எழுதலாம், தலைமையை நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம் என்ற மரபு நெடுங்காலம் இருந்தது. அந்த மரபின் பயனும் பலவீனமும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிப்பட்டன. 2017இல், தொழில்நுட்பத் துறையில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு உயிரியல் வேறுபாடுகளும் ஓரளவு காரணம் என்றும், பழமைவாதக் கருத்துடையோர் நிறுவனத்தில் வாய் திறக்க முடியவில்லை என்றும் ஒரு பொறியாளர் எழுதிய நீண்ட குறிப்பு வெளியில் கசிந்தது; அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவருடைய வாதங்களில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனாலும், ஓர் உள்விவாதம் வெளியில் கசிந்து, ஊடகப் போராகி, பணிநீக்கத்தில் முடிந்த பிறகு, எந்தத் தரப்பைச் சேர்ந்த ஊழியரும் அடுத்த முறை எழுதுவதற்கு முன் இருமுறை யோசித்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது முற்றிலும் வேறு வகையானது. ஆளில்லா விமானங்கள் எடுத்த காணொளிகளைச் செயற்கை நுண்ணறிவால் பகுத்தாயும் மேவன் என்னும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் திட்டத்தில் கூகுள் பங்கேற்பது 2018 மார்ச்சில் வெளியானது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் அதை எதிர்த்துக் கடிதத்தில் கையொப்பமிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அதைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று ஜூன் தொடக்கத்தில் நிறுவனம் அறிவித்தது. சில நாள்களில் தலைமை நிர்வாகி சுந்தர் பிச்சை, ஆயுதங்களுக்குச் செயற்கை நுண்ணறிவை வழங்குவதில்லை என்ற உறுதிமொழியையும் உள்ளடக்கிய நெறிமுறைகளை வெளியிட்டார். இந்த இரு நிகழ்வுகளையும் ஒரே தட்டில் வைத்து ‘அலுவலக அரசியல்’ என்று பேசுவது சரியன்று. மேவன் விவகாரத்தில் ஊழியர்கள் விவாதித்தது தங்கள் கையால் எழுதும் நிரல் எதற்குப் பயன்படும் என்பதை. அத்தகைய கேள்வியைப் பொறியாளர் கேட்கக் கூடாது என்றால், தான் செய்யும் பொருளைப் பற்றிச் சிந்திக்கக் கூடாது என்றே பொருள்.

ஆயினும் கூகுள் அந்த மரபை வலுப்படுத்தவில்லை. 2019 ஆகஸ்டில், வேலை நேரத்தில் அரசியல் சர்ச்சைகளில் ஈடுபடுவதைத் தவிர்க்குமாறு புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2024 ஏப்ரலில், இஸ்ரேலிய அரசுடனான கிளவுட் ஒப்பந்தத்தை எதிர்த்து அலுவலகத்தில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தியவர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். 2025 பிப்ரவரியில் ஆயுதங்கள் பற்றிய உறுதிமொழி நெறிமுறைகளிலிருந்து நீக்கப்பட்டது. அந்த மாற்றம் சரியா தவறா என்பதில் மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். எனக்குக் கவலை தருவது, 2018இல் அவ்வளவு பேர் பேசியும், அடுத்த ஒப்பந்தம் வரும்போது யார், எந்த முறையில் ஆட்சேபம் தெரிவிக்கலாம், அதற்கு யார் விடையளிக்க வேண்டும் என்ற நிலையான ஏற்பாடு ஒன்று வேரூன்றவில்லை என்பதே. கையொப்பங்களின் எண்ணிக்கையால் பெற்றது, எண்ணிக்கை குறைந்தபோது போய்விட்டது.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு நிகழ்வும் அதே நிறுவனத்தில் நடந்தது. 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தையொட்டி, தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுள் ஊழியர்களிடையே சாதி குறித்து உரையாற்றுவதாக இருந்தது. ஊழியர்களில் சிலர் எதிர்த்தார்கள். ஊழியர்களிடையே பிளவை உண்டாக்குகிறது என்று கூறி நிறுவனம் உரையை ரத்து செய்தது. அவரை அழைத்த மேலாளர் வேலையை விட்டு விலகினார். சாதி அமெரிக்க நிறுவனங்களுக்குள் வந்துசேர்ந்த பொருள்; அதைக் கொண்டுசென்றவர்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள். ஒருவருக்குச் ‘சர்ச்சைக்குரிய அரசியலாக’ இருப்பது, பக்கத்து மேசையில் இருப்பவருக்கு யார் தன்னை நேர்காணல் செய்கிறார், யார் தனக்கு மதிப்பீடு எழுதுகிறார் என்ற அன்றாட வாழ்வாக இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் தடை வந்தால், இத்தகைய பேச்சுதான் முதலில் வாயடைக்கப்படும் என்பதை நிர்வாகத்திடம் தயங்காமல் சொல்லுங்கள்.

மாறுபட்டவர்கள் கூடிப் பேசினால் நல்லது விளையும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வு ஆதாரம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். எதிர்க்கருத்தைக் கண்ணில் காட்டினாலே மனம் விரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பெய்லும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டர் பயன்படுத்துவோருக்குப் பணம் கொடுத்து, எதிர்த்தரப்புத் தலைவர்களின் பதிவுகளைப் பகிரும் தானியங்கிக் கணக்கு ஒன்றை ஒரு மாதம் பின்தொடரச் செய்தார்கள். குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் தங்கள் பழைய நிலைப்பாட்டில் மேலும் இறுகிப்போனார்கள். ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களிடமும் இளக்கம் காணப்படவில்லை. உங்கள் பொது உரையாடல் குழுவில் இப்போது நடப்பது இதைப் போன்றதுதான்: செய்யவேண்டிய பொதுவேலை எதுவும் இல்லாமல், எதிர்த்தரப்பின் குரல் மட்டும் ஓயாமல் காதில் விழுகிறது.

இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது விக்கிப்பீடியா பற்றிய ஆய்வு. ஜேம்ஸ் எவன்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட அந்தக் கட்டுரை, தொகுப்பாளர்களின் அரசியல் சாய்வை அவர்கள் பங்களித்த கட்டுரைகளைக் கொண்டு கணித்து, எந்த வகைக் குழுக்கள் தரமான கட்டுரைகளை உருவாக்கின என்று ஆராய்ந்தது. ஒரே சாய்வுடையவர்களின் குழுக்களையும், நடுநிலையாளர்கள் மட்டுமே கூடிய குழுக்களையும் விட, இரு துருவங்களிலிருந்தும் வந்தவர்கள் கலந்த குழுக்களே மேலான கட்டுரைகளை எழுதியிருந்தன. அரசியல் கட்டுரைகளில் மட்டுமன்றி, சமூகம், அறிவியல் சார்ந்த கட்டுரைகளிலும் இவ்வாறே இருந்தது. அவர்களுடைய விவாதங்கள் நீளமானவை, கடுமையானவை. ஆயினும் பொருளை விட்டு விலகாதவை. விக்கிப்பீடியாவின் எழுதப்பட்ட விதிகளை அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மேற்கோள் காட்டினார்கள் என்பது அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மனம் ஒத்தவர்களுக்கு விதி தேவைப்படுவதில்லை. மாறுபட்டவர்கள் விதியைப் பற்றிக்கொண்டுதான் சேர்ந்து எழுத முடிந்தது.

தொழில்நுட்பத் துறையிலேயே இதற்கு மிகச் சிறந்த சான்று ஒன்று உண்டு. நிறுவனங்களின் தடையறிவிப்புகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைப்பதில்லை என்பதால், அதைச் சற்று நிதானமாகவே சொல்கிறேன். இணையத்தின் அடிப்படை விதிமுறைகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு, அதாவது ஐ.இ.டி.எஃப்., உறுப்பினர் பட்டியல் இல்லாத அமைப்பு. போட்டி நிறுவனங்களின் பொறியாளர்களும், பல்கலைக்கழகத்தாரும், அரசுத் துறையினரும் அங்கே தனிநபர்களாகப் பங்கேற்கிறார்கள். உறுப்பினர்களே இல்லாத இடத்தில் வாக்கெடுப்புக்கு இடமில்லை. கூட்டத்தின் போக்கை அறியத் தலைவர் கேட்கும்போது, ஒவ்வொரு தெரிவுக்கும் ஆதரவாளர்கள் வாயை மூடியபடி ‘ம்’ என்று முனகுவார்கள். அதைக் கொண்டு பொதுக் கருத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று தலைவர் கணிப்பார். எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதைவிட, எழுப்பப்பட்ட ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் விடை காணப்பட்டதா என்பதே அங்கே அளவுகோல் என்று 2014இல் வெளியான ஆர்.எஃப்.சி. 7282 விளக்குகிறது (ஆர்.எஃப்.சி. என்பது இந்த அமைப்பின் முடிவுகள் வெளியாகும் எண்ணிட்ட ஆவண வரிசை). ஆட்சேபத்தை ஏற்றாக வேண்டும் என்பதில்லை. அதை ஆராய்ந்து காரணத்தோடு விடையளித்தாக வேண்டும்.

இந்த அமைப்பின் முன் 1999இல் வந்த கேள்வி, அரசுகள் சட்டப்படி ஒட்டுக்கேட்க வசதியாக இணைய நெறிமுறைகளை, அதாவது கணினிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் விதிகளை, வடிவமைக்க வேண்டுமா என்பது. இதைவிட அரசியலான கேள்வி இருக்க முடியாது. நீண்ட விவாதத்துக்குப் பின் 2000 மே மாதத்தில் வெளியான ஆர்.எஃப்.சி. 2804, ஒட்டுக்கேட்பது நல்லதா கெட்டதா என்ற அறநிலைத் தீர்ப்புக்குள் இறங்கவில்லை. சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. தேவைகளைச் சேர்க்கச் சேர்க்க நெறிமுறைகள் சிக்கலாகும், சிக்கலானால் பாதுகாப்பு குறையும். ஆகவே நெறிமுறைகளை உருவாக்கும் பணியில் ஒட்டுக்கேட்கும் தேவைகளைக் கருத்தில் கொள்வதில்லை என்று பொறியியல் காரணங்களோடு முடிவை எழுதிவைத்தது.

2013இல் அமெரிக்க உளவு அமைப்பின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் உலகளாவிய கண்காணிப்பை அம்பலப்படுத்தியபோது, அந்த நவம்பரில் வான்கூவரில் கூடிய கூட்டத்தில் மறுபடியும் அதே கேள்வி எழுந்தது. நாட்டின் பாதுகாப்புக்குக் கண்காணிப்பு வேண்டும் என்பது ஒரு பார்வை; அது குடிமக்களின் உரிமையைப் பறிப்பது என்பது இன்னொரு பார்வை. 2014 மே மாதத்தில் வெளியான ஆர்.எஃப்.சி. 7258, பரவலான கண்காணிப்பு ஒரு தாக்குதலே என்று தலைப்பிலேயே அறிவித்தது. அதோடு, அங்கே தாக்குதல் என்பது தொழில்நுட்பப் பொருளில் ஆளப்படுகிறது, கண்காணிப்பவரின் நோக்கத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை என்றும் தெளிவுபடுத்தியது. நோக்கம் நல்லதோ தீயதோ, செய்யும் முறை ஒன்றே. ஒரு தரப்புக்குத் திறந்துவிட்ட வழியில் இன்னொரு தரப்பும் நுழையும். அரசியலில் எதிரெதிராக நிற்பவர்களும் கூட்டாக ஏற்கக்கூடிய ஒரு வாக்கியத்தை அந்த அமைப்பினர் கண்டடைந்தார்கள். அதற்காக யாரும் தம் அரசியலைக் கைவிட வேண்டியிருக்கவில்லை.

அந்த வாக்கியம் வெறும் அறிக்கையாக நின்றுவிடவில்லை. அதே ஆண்டுகளில் தொடங்கி, 28 வரைவுகளைக் கடந்து, 2018 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 8446ஆக வெளிவந்த டி.எல்.எஸ். 1.3தான் இன்று உலாவிகளும் பல செயலிகளும் பயன்படுத்தும் குறியாக்க முறை. பழைய பதிப்பு அனுமதித்த ஒரு முறையில், ஒரு சர்வரின் நிரந்தரச் சாவி பின்னொரு நாளில் ஒருவர் கையில் சிக்கினால், அவர் முன்பே பதிவுசெய்து வைத்திருந்த பழைய உரையாடல்களையும் பிரித்துப் படிக்க முடிந்தது. அந்தச் சாவிப் பரிமாற்றம் புதிய பதிப்பில் நீக்கப்பட்டு, இணைப்பின்போது அப்போதைக்கு உருவாகி அழியும் சாவியே வழக்கமான முறையாக்கப்பட்டது. அதே வேளையில், இணைப்பை நிறுவத் தேவைப்பட்ட இரண்டு சுற்றுப் பரிமாற்றங்கள் ஒன்றாகக் குறைந்தன. பாதுகாப்பும் வேகமும் ஒருசேரக் கூடின.

இதற்கும் எதிர்ப்பு வந்தது என்பதை மறைக்கக் கூடாது. தங்கள் தரவு மையங்களுக்குள் செல்லும் போக்குவரத்தை ஒழுங்குமுறைத் தேவைகளுக்காக ஆராயப் பழைய முறையே வேண்டும் என்று அமெரிக்க நிதித் துறையின் சார்பில் 2016இல் கோரிக்கை வைக்கப்பட்டது. அது ஏற்கப்படவில்லை. 2017இல் பிராகாவிலும் 2018இல் லண்டனிலும் அதன் மாற்றுவடிவங்கள் விவாதிக்கப்பட்டு, பொது இசைவு கிட்டாமல் கைவிடப்பட்டன. தோற்ற தரப்பினர் ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்சியின் வழியாகத் தங்களுக்கென ஒரு மாற்று முறையை வெளியிட்டார்கள். வேறுபாடு கரைந்துவிடவில்லை; இன்றும் இருக்கிறது. ஆனால் விவாதம் முழுவதும் பொதுவில் பதிவாகியிருப்பதால், எந்தக் காரணத்துக்காக எது மறுக்கப்பட்டது என்பதைப் பத்தாண்டுகளுக்குப் பிறகு வரும் பொறியாளரும் படித்தறிய முடியும்.

பேசாமல் இருப்பதற்கும் விலை உண்டு. நோக்கியா திறன்பேசிப் போட்டியில் ஏன் தோற்றது என்பதை ஆராய்ந்து டிமோ வூரியும் குவி ஹுயும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, தொழில்நுட்ப அறிவின் குறையைவிட அச்சத்தையே முன்னிறுத்துகிறது. மேலதிகாரிகளின் கோபத்துக்கு அஞ்சிய இடைநிலை மேலாளர்கள், இயங்குதளம் பின்தங்கிவிட்டது என்ற கசப்பான செய்தியை உரிய நேரத்தில் மேலே கொண்டுசெல்லவில்லை. அந்த ஆய்வு பேசுவது அரசியல் பேச்சுத் தடையைப் பற்றி அன்று. ஆனால் ஒரு பொருளில் வாயை மூடப் பழகியவர், அடுத்த பொருளிலும் மூடிக்கொள்கிறார். மென்பொருளில் உள்ள குறையைச் சொல்லத் தேவைப்படும் துணிவும், மேலாளரின் கருத்தை மறுக்கத் தேவைப்படும் துணிவும் தனித்தனி அறைகளில் வைக்கப்பட்டவை அல்ல.

கருத்து வேறுபாட்டையே மூலப்பொருளாகக் கொண்டு உருவான கருவிகளும் இருக்கின்றன என்பதைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். சியாட்டிலில் உருவான போலிஸ் (Pol.is) என்னும் கருத்துக்கணிப்பு மென்பொருளில் பிறர் கருத்துக்குப் பதிலெழுதும் பொத்தானே இல்லை. ஏற்கிறேன், மறுக்கிறேன், கடந்துசெல்கிறேன் என்ற மூன்றில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். எதிரெதிர் அணிகள் இரண்டும் ஒருங்கே ஏற்கும் கூற்றுகளை அது மேலே கொண்டுவந்து காட்டுகிறது. 2015இல் ஊபர் விவகாரத்தில் தைவான் இதைப் பயன்படுத்தியபோது, காப்பீடும் ஓட்டுநர் உரிமமும் வரியும் யாவருக்கும் பொதுவாக வேண்டும் என்பதில் இரு அணிகளும் ஒன்றுபடுவது தெரியவந்தது. ட்விட்டர் 2021இல் சோதனை முறையில் தொடங்கி, இன்று சமூகக் குறிப்புகள் என்ற பெயரில் இயங்கும் வசதியும் இதே கருத்தின் மீது நிற்கிறது: வழக்கமாக மாறுபடுகிறவர்கள் ஒருசேரப் பயனுள்ளது என்று மதிப்பிட்ட குறிப்பே வெளியில் காட்டப்படும்.

இப்போது உங்கள் நிறுவனத்துக்கு வருகிறேன். எல்லோரையும் சேர்த்த பொது உரையாடல் குழுவில் தேர்தல் வாக்குவாதத்தை நிறுத்தச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. அங்கே செய்துமுடிக்க வேண்டிய பொதுவேலை இல்லை; பார்த்துக்கொண்டிருக்கும் பெருங்கூட்டத்துக்காகவே ஒவ்வொருவரும் எழுதுகிறார்கள். தேநீர் இடைவேளையில் இருவர் பேசிக்கொள்வதில் மட்டும் தலையிட வேண்டாம். நம்பிக்கை வளர்வது அங்கேதான். ஆனால் நீங்கள் யாருக்கு மென்பொருளை விற்கிறீர்கள், பயனரின் எந்தத் தரவைச் சேர்க்கிறீர்கள், உங்கள் தானியங்கி மதிப்பீடு யாரைத் தள்ளிவைக்கிறது என்பன போன்ற கேள்விகள் தடைக்குள் வரக் கூடாது என்பதை எழுத்தில் பெறுங்கள். அவை உங்கள் தயாரிப்பின் பகுதி. ஒருவர் தன் சாதியாலோ மதத்தாலோ பாலினத்தாலோ தாழ்வாக நடத்தப்படுகிறார் என்ற புகாரும் விவாதத்துக்குரிய அரசியல் கருத்தாகக் கொள்ளப்படக் கூடாது. அது விசாரிக்கப்பட வேண்டிய புகார்.

தயாரிப்பு தொடர்பான ஆட்சேபங்களுக்கு நான் பரிந்துரைக்கும் முறை எளிமையானது. ஆட்சேபம் ஒரு பக்க அளவில் எழுத்தில் வரட்டும். எவருடைய நோக்கத்தைப் பற்றியும் அதில் ஒரு சொல்லும் வேண்டாம், தயாரிப்பால் யாருக்கு என்ன நேரும் என்பது மட்டும் இருக்கட்டும். தீர்மானிக்கப்போகிறவரின் பெயரும் தீர்மானிக்கும் நாளும் முன்கூட்டியே அறிவிக்கப்படட்டும். அவர் ஆட்சேபத்தை மறுக்கலாம். ஆனால் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அது எல்லா ஊழியர்களும் படிக்கும் இடத்தில் இருக்க வேண்டும். நிறுவனத் தலைவரும் இதே விதிக்கு உட்பட்டவர் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனெனில் கீழே உள்ளவர்களை மட்டும் கட்டுப்படுத்தும் விதியை ஊழியர்கள் ஒரே வாரத்தில் கண்டுகொள்வார்கள்.

நிர்வாகம் இதை உடனே ஏற்கத் தயங்கினால், இப்போது உங்கள் குழுக்களைப் பிரித்து வைத்திருக்கும் தயாரிப்புக் கேள்வி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த காலாண்டில் இம்முறையை முயன்று பார்க்கச் சொல்லுங்கள். அதன் முடிவில் எத்தனை ஆட்சேபங்கள் ஏற்கப்பட்டன என்று எண்ணுவதைக் காட்டிலும், இதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசாதவர்கள் எழுதியவை எத்தனை என்று பாருங்கள். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு தடையைப் பற்றி நிர்வாகத்திடம் மறுபடியும் பேசுங்கள்.